டெஸ்க்கில் யார்?

“ஏறுங்க மேடம்... ஏன் அங்கயே நிக்கறீங்க?”

லிஃப்ட் கதவு மூடிவிடாதபடி ஒரு காலை நீட்டித் தடுத்துக்கொண்டு நின்றான் அவன். நெடுநெடுவென்ற உயரம். நீலச் சட்டை. தோளில் சாமான் பை. முடியிலிருந்து இறங்கிய மழைத்துளி ஒன்று மூக்கு நுனிக்கு வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அவள் குடையை மடக்கிக்கொண்டே படிக்கட்டைப் பார்த்தாள். மேலே ஐந்தாவது மாடியில் அம்மா காத்திருக்கிறாள். முட்டிவலிக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். முட்டியில் மாட்டுகிற பட்டையை டாக்சியிலேயே விட்டுவிட்டு அம்மா மேலே போய்விட, இவள் மழையில் டாக்சியைத் துரத்தி வாங்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்திருந்தாள்.

“நீங்க போங்க. நான் படியில வந்துடறேன்.”

“படியிலயா? லிஃப்டுக்கு என்ன குறைச்சல்?”

“பயம்.”

“அட, இப்பதாங்க சரி பண்ணினேன். நானே பண்ணினேன்!”

“அதனாலதான் பயம்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவனிடம் இப்படியா பேசுவது! ஆனால் அவன் கோபப்படவில்லை. வாய்விட்டுச் சிரித்தான். மூக்கு நுனித் துளி கீழே விழுந்தது. அந்தச் சிரிப்பு கண்ணில் தொடங்கி அப்புறம்தான் உதட்டுக்கு வந்ததை அவள் பார்த்துவிட்டாள்... ஏன் பார்த்தோம் என்று உடனே பார்வையைக் குடையின் மேல் திருப்பிக்கொண்டாள்.

“சரி, நானும் கூட வர்றேன். விழுந்தா ரெண்டு பேருமா விழுவோம். போதுமா?”

எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை. கதவு மூடியது. கண்ணை இறுக்கி மூடி, முட்டிப் பட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“கண்ணைத் திறங்க. கடிக்காது.”

“ஏதாவது பேசுங்களேன்... சத்தம் இல்லன்னா இன்னும் பயமா இருக்கு.”

“என்ன பேசட்டும்? எங்க ஆபீஸ் கதை சொல்லட்டா? எங்க கம்பெனியில டெஸ்க்னு ஒண்ணு இருக்குங்க. ஊர்ல இருக்கற எங்க லிஃப்ட் எல்லாத்தையும் உட்கார்ந்த இடத்துலேர்ந்தே பாக்கறது, நிறுத்தறது, ஓட்டறது. அங்க ஒரு பொண்ணு இருக்காங்க. முகம் பாத்ததில்ல, குரல் கேட்டதில்ல. எல்லாம் சாட்லதான்.”

அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

“‘மழை வலுக்குது, வண்டியை மெதுவா ஓட்டுங்க’ன்னு நடுவுல ஒரு வரி போடுவாங்க. அதுல ஒரு எழுத்து தப்பா இருக்கும். அவசரத்துல அடிச்சிருப்பாங்க போல. நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள்ள வேலை செய்யறவனுக்கு அந்த ஒரு வரி... எப்படிச் சொல்றது... சரி விடுங்க. ஆனா ஒரு மாசமா அவங்க அவங்களா இல்ல.”

“ஏன்... என்னாச்சு?” தன் குரல் தனக்கே கேட்கவில்லை அவளுக்கு.

“தப்பே வர்றதில்ல. ‘தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது, நன்றி.’ எதுக்கெடுத்தாலும் அதே. போன வாரம் சும்மா சோதிச்சுப் பாக்கலாம்னு, ‘காலையிலேர்ந்து சாப்பிடல, தலை சுத்துது’ன்னு போட்டேன். அதுக்கும் ‘பதிவு செய்யப்பட்டது, நன்றி’! சிரிப்பு வந்துச்சு. அப்புறம் கொஞ்சம் பயமா இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்கு ஏதோ ஆயிடுச்சோன்னு...”

கதவு திறந்தது. ஐந்தாவது மாடி.

“பாத்தீங்களா, விழல!” என்றான் அவன். “இனிமே பயந்தா ‘நெட்டை’ன்னு ஒரு சத்தம் போடுங்க. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. உங்க பேரு...?”

அவள் ஓட்டமும் நடையுமாகப் போய் அம்மாவின் பக்கத்து நாற்காலியில் விழுந்தாள். பேயைக் கண்ட மாதிரி முகம் வெளுத்திருந்தது.

“லிஃப்ட்லயா வந்தே? அதான் இப்படி இருக்கே!” என்றாள் அம்மா.

லிஃப்டுக்காக இல்லை. டெஸ்க்கில் இருக்கிற அந்தப் பெண் இவள்தான்.

*

முன்பு டெஸ்க்கில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். இன்னொருவர் வேறு வேலை கிடைத்துப் போனார். புதிதாக யாரையும் போடவில்லை. கட்டடத்துக்கு ஒரு சாட் குழு. ஒவ்வொன்றிலும் மெக்கானிக், கட்டட மேனேஜர், டெஸ்க். ‘கதவு மூடல’, ‘விளக்கு எரியல’, ‘ஆள் எங்கே?’, ‘ஏன் பதில் இல்ல?’... ஒரு குழுவுக்குப் பதில் போட்டு நிமிர்வதற்குள் பத்துக் குழு சிவந்து கிடக்கும். தூக்கத்தில்கூட அந்த ‘டிங்’ சத்தம் கேட்டு விழித்துக்கொள்வாள்.

கூடப் படித்த தோழி ஒருத்திதான் வழி சொன்னாள். ஒரு ஏஐ ஏஜென்ட். பிரவுசரிலேயே உட்கார்ந்துகொள்ளும். சாட்டைப் படிக்கும், புகாரைப் பதியும், லிஃப்ட் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தும், பதிலும் போடும். எல்லாம் இவள் பெயரிலேயே. ஆபீஸில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும்.

ஆரம்பத்தில் அது ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டது. ‘இந்தப் பதிலை அனுப்பட்டுமா?’ ‘இந்த லிஃப்டை நிறுத்தட்டுமா?’ பார்த்துப் பார்த்துச் சரி என்றாள். தவறே வரவில்லை. ஒருநாள் வேலை மூச்சுமுட்டியபோது, ‘எல்லாவற்றுக்கும் எப்போதும் சரி’ என்று ஓர் இடம் இருந்ததைக் கண்டுபிடித்தாள். தட்டிவிட்டாள். அன்று மாலை வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போனாள்.

நெட்டையைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அவனுடைய செய்திக்குத் தானே பதில் அடித்தாள்.

‘சாப்டீங்களா? தலை சுத்தல் எப்பிடி இருகு?’

பதில் வந்தது: ‘ஒரு எழுத்து தப்பு. அப்பாடா... வந்துட்டீங்களா!’

திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார். அவர்தான் மெக்கானிக்குகளுக்கெல்லாம் சூப்பர்வைசர். அப்பா போனதிலிருந்து வீட்டுக்குத் தூண் அவர்தான். இந்த வேலையும் அவர் வாங்கிக் கொடுத்ததே.

“என்ன குட்டி, சிரிப்பு பலமா இருக்கு?”

“ஒண்ணுமில்ல சித்தப்பா.”

அதற்கப்புறம் அவள் சீட்டில் இருக்கும்போது நெட்டைக்கு அவளே பதில் போட்டாள். எழுந்து போனால் ஏஜென்ட் பார்த்துக்கொண்டது. அடுத்த முறை அம்மாவைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனபோது, அதே கட்டடத்தின் வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

“லிஃப்ட் மறுபடி கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள்.

“இல்லீங்க. நல்லா இருக்கான்னு விசாரிக்க வந்தேன்.”

“லிஃப்டையா?”

“...லிஃப்டையும்தான்.”

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவனோ, எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டான். “ஒரு ஆபீஸ்ல” என்றாள் இவள். சொல்லிவிடலாமே? நான்தான் அந்த டெஸ்க் என்று சொன்னால், ‘அந்த ஒரு மாசம் எங்கே போனீங்க?’ என்று கேட்பான். ஒரு மெஷினை உட்கார வைத்துவிட்டுப் போனேன் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கண் சிரிக்காமல் போய்விட்டால்...? அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த அடுத்த முறை, அவள் அம்மாவைச் சீக்கிரமே கிளம்பச் சொல்லித் துணை போனாள். நல்ல உடையாகப் பார்த்து உடுத்தியிருந்தாள். டெஸ்க்கில் ஏஜென்ட் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் அவன் இல்லை. பயிற்சி முடிந்து கீழே வந்தபோதும் இல்லை.

“யாரைத் தேடறே?” என்றாள் அம்மா.

“யாரையும் இல்லையே...”

“யாரையும் இல்லாததுக்கா கழுத்து இப்படித் திரும்புது?”

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்து உட்கார்ந்தாள். திரையில் ஒரு சாட் குழு மேலே வந்து நின்றது. நகரின் மறுபக்கத்தில் இருக்கிற பழைய குடியிருப்பு.

நெட்டை: ‘மூணாவது மாடியில இருக்கேன். லிஃப்ட் மேல ஏறி வேலை பாக்கணும். நிறுத்துங்க.’

டெஸ்க்: ‘லிஃப்ட் நிறுத்தப்பட்டது. நன்றி.’

கட்டட மேனேஜர்: ‘லிஃப்ட் ஏன் ஓடல? வயசானவங்க கீழ நிக்கறாங்க. உடனே ஓட விடுங்க!’

டெஸ்க்: ‘சிரமத்துக்கு வருந்துகிறோம். லிஃப்ட் இயக்கப்பட்டது. நன்றி.’

நெட்டை: ‘நகருது’

நெட்டை: ‘நிறு’

நெட்டை: ‘நிற்ய’

டெஸ்க்: ‘மன்னிக்கவும், தங்கள் கோரிக்கை தெளிவாக இல்லை. கூடுதல் விவரம் தரவும். நன்றி.’

அதற்குப் பிறகு அவனிடமிருந்து எதுவும் இல்லை.

அவள் கை, தானாகவே லிஃப்ட் பக்கத்தைத் திறந்து நிறுத்தப் பொத்தானை அழுத்தியது. ஏற்கெனவே நின்றுதான் இருந்தது... யார் நிறுத்தினார்கள்? எப்போது? எத்தனையாவது மாடியில்? அவனுக்குப் போன் செய்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை.

“சித்தப்பா!”

அவள் போட்ட சத்தத்தில் ஆபீஸே எழுந்து நின்றது. சித்தப்பா ஏற்கெனவே போனைக் காதில் வைத்தபடி அறையை விட்டு வந்துகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கானா சித்தப்பா... உயிரோட இருக்கானா?”

“இருக்கான், இருக்கான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நீ எதுக்கு இப்படி நடுங்கறே?”

*

நடந்தது இதுதான். லிஃப்டின் கூரை மேல் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டால் யார் எங்கிருந்து ஓட்டினாலும் லிஃப்ட் அசையாது. முதலில் அதை அழுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். அந்தப் பழைய லிஃப்டில் பொத்தான் தள்ளி, மறுமூலையில் இருந்தது, ஏறினால்தான் எட்டும். டெஸ்க் நிறுத்திவிட்டது என்ற தைரியத்தில் அவன் ஏறினான். பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. கையை நீட்டுவதற்குள் காலடியில் கூரை மேலே கிளம்பியது. அப்படியே குப்புறப் படுத்துவிட்டான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனில் தடவித் தடவி அடித்திருக்கிறான். போன் நழுவிக் குழிக்குள் விழுந்தது. பிறகு தவழ்ந்து போய்ப் பொத்தானைக் குத்தினான். லிஃப்ட் நின்றபோது அவன் முதுகுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

வீட்டுக்கு வந்த சித்தப்பாவிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். சித்தப்பா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாதே. நாளன்னிக்கு விசாரணை. டெஸ்க்குலேர்ந்து தப்பு நடந்திருக்கு, சரி. மேனேஜர் கேட்டார், பொண்ணு ஓட விட்டா, பதற்றம். அதோட நிறுத்திக்கலாம். பொத்தானை அழுத்தாம ஏறினது அந்தப் பையன் தப்பு. அவன் மேல எழுதிட்டா முடிஞ்சுது.”

“அவருக்கு வேலை போயிடுமே சித்தப்பா!”

“உனக்குப் போனா பரவாயில்லையா? உன்னை உள்ள கூட்டிட்டு வந்தவன் நான். எனக்கும் சேர்த்துத்தான் போகும். போலீஸ் கேஸுன்னு ஆனா என்ன பண்ணுவே? யோசிச்சியா?”

அதுவரை அவள் அதை யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாள். சித்தப்பா கெட்டவர் இல்லை. அம்மாவின் மருந்திலிருந்து இவள் காலேஜ் படிப்பு வரை தன் தோளில் சுமந்தவர். அவர் முகத்தில் இப்படி ஒரு பயத்தை அவள் பார்த்ததே இல்லை. அவருக்கு எதிராக எப்படிப் பேசுவது? பேசாமல் இருந்தால், ‘நகருது’ என்ற அந்த ஒரு சொல்லோடு எப்படி வாழ்வது?

விசாரணை நாளில் மழை பெய்தது. நீளமான மேஜை. ஒரு முனையில் கம்பெனியின் பெரிய மேடம். நெட்டை கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். இவள் உள்ளே நுழைந்ததும் அவன் முகம் மலர்ந்தது... “நீங்களா! இங்க எப்படி...?”

“இவங்கதான் டெஸ்க்,” என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

அந்தக் கணத்தை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். மலர்ந்த முகம் மலர்ந்தபடியே நின்றது. கண் மட்டும் மெல்ல மெல்ல அணைந்தது.

“பொத்தானை அழுத்தாம ஏன் ஏறினீங்க?” என்று பெரிய மேடம் அவனைக் கேட்டார்.

“நிறுத்தியாச்சுன்னு டெஸ்க் சொல்லுச்சு மேடம். நம்பினேன்.” அவன் இவளைப் பார்க்கவில்லை. “அவங்க சொன்னா சரியா இருக்கும்னு... நம்பினேன்.”

அவள் எழுந்து நின்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா தலையை மெல்ல ஆட்டி, வேண்டாம் என்றார். அவருடைய கண் கெஞ்சியது.

“அன்னிக்கு டெஸ்க்குல நான் இல்ல மேடம்.”

பெரிய மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

“யாருமே இல்ல. என் பேர்ல ஒரு ஏஐ ஏஜென்டை ஓட விட்டுட்டு வெளியே போயிருந்தேன். அதுதான் நிறுத்துச்சு. அதுதான் மறுபடி ஓட்டுச்சு. பொத்தானை அழுத்தற அனுமதியை அதுக்குக் கொடுத்தது நான். இவர் நகருதுன்னு கத்தினப்போ கேக்க அங்க மனுஷங்க யாரும் இல்ல. சித்தப்பாவுக்கு... சூப்பர்வைசர் சாருக்கு, அது நடக்கற வரைக்கும் எதுவும் தெரியாது. நடந்ததுக்கு நான்தான் பொறுப்பு.”

சொல்லி முடித்ததும் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. வெளியே தாழ்வாரத்தில் நெட்டையின் பின்னால் ஓடினாள்.

“என்னை மன்னிச்சு...”

“லிஃப்ட்ல ஏறவே பயந்தீங்களே மேடம்,” என்றான் அவன். குரலில் கோபம் இல்லை; அதுதான் அவளை அறுத்தது. “நீங்க பயந்தப்போ நான் கூட வந்தேன். நான் பயந்தப்போ... விவரம் போதலன்னு பதில் வந்துச்சு.”

மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். சித்தப்பாவும் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை.

*

வேலை போகவில்லை. மூன்று பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டிய தப்பைப் பெரிய மேடம் ஒப்புக்கொண்டார். அவளுக்குப் பதவி உயர்வு நின்றது. கடும் எச்சரிக்கை கிடைத்தது. ஏஜென்ட் போனது. டெஸ்க்குக்குப் புதிதாக இருவர் வந்தார்கள். புது விதியும் வந்தது: மெக்கானிக் லிஃப்ட் மேல் ஏறுவதென்றால் சாட்டில் கேட்கக் கூடாது. போனில் கூப்பிட வேண்டும். அவன் இறங்கி ‘முடிந்தது’ என்று சொல்லும்வரை டெஸ்க்கில் இருப்பவர் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. திரையை விட்டு நகரவும் கூடாது.

கட்டுப் பிரித்து நெட்டை வேலைக்குத் திரும்பினான். முதல் அழைப்பு அவளுக்கே வந்தது.

“நிறுத்துங்க.”

“நிறுத்தியாச்சு.”

“பாத்துச் சொல்லுங்க.”

“பாத்துட்டேன். நிக்குது.”

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் கதவு கிறீச்சிடும் சத்தம். சாவி திருகும் சத்தம். அவன் மூச்சு. சில நாள் அந்த மூச்சு சீராக இருக்கும். சில நாள் தடதடக்கும். அவள் திரையில் அந்தச் சின்னச் சதுரத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். “முடிஞ்சுது” என்பான். வைத்துவிடுவான். ஒரு நல்ல சொல் கிடையாது. ஆனால், அடுத்த முறையும் அவன் அழைப்பு அவளைத் தேடியே வந்தது. மற்ற இருவரில் யார் எடுத்தாலும், “அவங்ககிட்ட கொடுங்க” என்பானாம். இதை அந்தப் புதுப்பெண் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை.

ஒரு மதியம் அவன் கூப்பிட்டான். ஏழாவது மாடியில் இருந்தான்.

“நிறுத்துங்க.”

“நிறுத்தியாச்சு. பாத்துட்டேன். நிக்குது.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் இல்லை. ஒரு அடி எடுத்து வைக்கும் சத்தம்கூட இல்லை. மூச்சு மட்டும் வேகமாக, இன்னும் வேகமாக...

“லைன்ல இருக்கீங்களா?”

“...ம்.”

“என்னாச்சு?”

“கால் வரல.”

அவள் மைக்கை வாயோடு நெருக்கிக்கொண்டாள். “ஏறாதீங்க. கதவை மூடிட்டுத் தள்ளி வாங்க. வேற ஆளை அனுப்பறேன்.”

“வேண்டாங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நெட்டை பயந்துட்டான்னு...”

“சிரிக்கட்டுமே! நீங்க முதல்ல கதவை மூடுங்க... மூடிட்டீங்களா?”

“...மூடிட்டேன்.”

“படியில உக்காருங்க. எங்கயும் போகாதீங்க.”

திரும்பினாள். சித்தப்பா அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. விசாரணைக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“எனக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சு, சின்ன வயசுல,” என்றார். “கால் வராது. யார்கிட்டயும் சொல்லல நான்.” அவள் தலையிலிருந்து ஹெட்ஃபோனைத் தானே கழற்றி மாட்டிக்கொண்டார். “நீ போ குட்டி. இந்த லிஃப்டை யாரும் தொடாம நான் பாத்துக்கறேன். வேலைக்கு நம்ம இன்னொரு மெக்கானிக், அந்தக் குண்டுவை அனுப்பறேன்.”

“சித்தப்பா...”

“போன்னா போ. அழுதுக்கிட்டு நிக்காதே!”

*

ஏழு மாடியையும் ஏறி அவள் போய்ச் சேர்ந்தபோது அவன் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவ்வளவு உயரமான ஆள் இவ்வளவு சின்னதாக மடங்க முடியுமா என்று இருந்தது. அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

“டெஸ்க்கை விட்டுட்டா வந்தீங்க? அப்ப அங்க யாரு...?”

“சித்தப்பா இருக்கார். பயப்படாதீங்க.”

“அவரா? என் வேலைக்கு வேட்டு வைக்கப் பாத்தவரா?”

“அவரேதான். இந்நேரம் திரையை முறைச்சுப் பாத்துக்கிட்டிருப்பார். லிஃப்டே அவரைப் பாத்துப் பயந்து நிக்கும்.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தான். அவள் இரண்டு படி கீழே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். சன்னல் வழியே வந்த வெளிச்சத்தில் அவன் மணிக்கட்டிலிருந்த தழும்பு தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் அதைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணு சொல்லணும்,” என்றாள். “சொல்ல ரொம்பப் பயமா இருக்கு. அதனால வேகமா சொல்லிடறேன், நடுவுல பேசாதீங்க.”

“சரி.”

“நீங்க கூப்பிடற ஒவ்வொரு தடவையும், நீங்க ‘முடிஞ்சுது’ன்னு சொல்ற வரைக்கும் எனக்கு உசிரு இந்தா இங்க இருக்கு.” தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். “நீங்க போனை வச்சதும்...”

“அது வேலைங்க. தப்பு பண்ணிட்டோம்னு மனசு அடிச்சுக்குது. அதனால...”

“நடுவுல பேசாதீங்கன்னு சொன்னேன்ல! வேலையா? குண்டு கூப்பிட்டாலும் இதே கவனம்தான். கண்ணை எடுக்க மாட்டேன். ஆனா அவர் இறங்கினதும் நான் அழுததில்ல.”

அவன் அவளையே பார்த்தான். “நான் இறங்கினா... அழுவீங்களா?”

“மைக்கை அணைச்சுட்டு.”

கீழே எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. யாரோ படியேறும் சத்தம் கேட்டது.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு,” என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. “உங்களுக்கு என்னைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்ல. நான் பண்ணினதுக்கு... நான் எதிர்பார்க்கவும் இல்ல. ஆனா இதையாவது நானே, என் வாயால சொல்லிடணும்னு தோணுச்சு.”

அவன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கோபம் இருந்துச்சு,” என்றான் கடைசியில். “நிறையவே இருந்துச்சு. அந்த அறையில நீங்க எழுந்து நின்னீங்களே... உங்க சித்தப்பா வேண்டாம்னு தலையாட்டினதை நானும் பாத்தேன். அப்பவே பாதி போயிடுச்சு. மீதி, தினமும் ‘நிக்குது’ன்னு உங்க குரலைக் கேட்டுக் கேட்டுப் போயிடுச்சு. அப்புறமும் கோபமா இருக்கற மாதிரியே பேசிட்டு வச்சேன்.”

“ஏன்?”

“கோபம் போச்சுன்னு காட்டினா, அதுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்ல. அந்தப் பயம்தான். லிஃப்ட் மேல ஏறறதைவிடப் பெரிய பயம் இது...”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அப்போது இரண்டு பைகளோடு ஒரு பெரியவர் மூச்சிரைக்க வளைவில் திரும்பி வந்தார். இரண்டு பேரையும் பார்த்து நின்றார்.

“ஏம்பா, லிஃப்ட் எப்ப ஓடும்?”

“கொஞ்சம் நேரமாகும் ஐயா, இன்னொருத்தர் வர்றார்,” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “பையைக் கொடுங்க. எந்த மாடி?”

“ஒன்பது.”

அவனும் எழுந்து ஒரு பையை வாங்கிக்கொண்டான். பெரியவரை முன்னால் விட்டு இருவரும் மெல்ல ஏறினார்கள். தோள் உரசியது. விலகவில்லை. மறுகையால் அவன் அவள் விரல் நுனியை மட்டும் தொட்டான். அவன் விரல் சில்லென்று இருந்தது.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றான், பெரியவருக்குக் கேட்காத குரலில்.

“கேளுங்க.”

“உங்களை... நீன்னு கூப்பிடலாமா?”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது அவனுக்கு.

“இதைக் கேக்கவா இவ்வளவு பயம்?”

“ரொம்ப.”

அவன் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“கூப்பிடு,” என்றாள்.